சென்னையில் ஒரு ரத்தக்காட்டேரி வாடகைக்கு வீடு தேடினால்

கேள்வி: சென்னையில் நடக்கிற மாதிரி ஒரு ரத்தக்காட்டேரிக் காதல் கதை எழுத ஆசை. பயமுறுத்துவது நோக்கமில்லை. சிரிப்பு வேண்டும், கொஞ்சம் மர்மமும் வேண்டும். இந்தச் சரக்கு நம்மூருக்கு ஒட்டுமா? ஒட்டுமென்றால் எங்கிருந்து பிடிப்பது?

பதில்:

தாராளமாக ஒட்டும். கோட்டையையும் சவப்பெட்டியையும் மட்டும் ஐரோப்பாவிலேயே விட்டுவிட்டு வாருங்கள். கறுப்பு வெல்வெட் அங்கியும் வேண்டாம். நம்மூர்ப் புழுக்கத்தில் அதைப் போர்த்திக்கொண்டு பாண்டி பஜாரில் நடப்பவனைப் பார்த்து யாரும் பயப்பட மாட்டார்கள். பாவம் என்று உட்காரவைத்து இளநீர் வாங்கிக் கொடுப்பார்கள். பனிமூட்டம் வேண்டுமென்றால் போகிவரை பொறுக்க வேண்டும், அதுவும் பழைய பாய் எரித்த புகைதான்.

எடுத்துக்கொள்ள வேண்டியது காட்டேரியின் சட்டதிட்டங்களை. வெயில் ஆகாது, பூண்டு ஆகாது, அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது, மூப்பு கிடையாது, ரத்தம்தான் சாப்பாடு. சென்னைக்கும் சொந்தமாகச் சட்டதிட்டங்கள் உண்டு: வீட்டு ஓனர், வாட்ச்மேன், ஜாதகம், ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கும் சொந்தக்காரர்கள். இந்த இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் சிரிப்பு தானாக வரும். அவனைக் கோமாளியாக்கிச் சிரிக்க வைக்கப் பார்த்தால் மூன்றாவது அத்தியாயத்திலேயே கதை படுத்துவிடும். காட்டேரி தன் பிழைப்பை ரொம்ப சீரியஸாகப் பார்க்க வேண்டும். அப்போதுதான் நமக்குச் சிரிப்பு.

எந்த விதியை வைத்துக்கொள்வது, எதைத் தள்ளுவது என்பது உங்கள் இஷ்டம். வேதவாக்கு எதுவும் இல்லை. பிராம் ஸ்டோக்கரின் ‘டிராகுலா’ 1897இல் வந்தது. அதில் காட்டேரியான டிராகுலா பிரபு பட்டப்பகலில் லண்டன் தெருவில் நடமாடுவார். பகலில் சக்தி குறைந்திருக்கும், அவ்வளவுதான். வெயில் பட்டால் காட்டேரி அழிந்துபோகும் என்பது 1922இல் ஜெர்மனியில் எடுத்த ‘நாஸ்ஃபெராட்டு’ என்ற மௌனப் படம் பிரபலமாக்கிய சங்கதி. அந்தப் படமே உரிமை வாங்காமல் எடுத்தது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கச் சொல்லித் தீர்ப்பும் வாங்கினார். இன்றைக்கு ஊரே நம்புகிற விதி ஒரு திருட்டுப் படத்திலிருந்து வந்தது என்பதில் எனக்கு எப்போதும் ஒரு சந்தோஷம். பேச்சிலேயே மயக்கும் பெரிய வீட்டுக் காட்டேரி 1819இல் ஜான் பாலிடோரி எழுதிய கதையில் வந்தவர். அதற்கு முன்னால் கிழக்கு ஐரோப்பியக் கிராமங்களில் சொல்லிவந்த காட்டேரி ஊதிப்போன பிணம், காதலிக்க லாயக்கில்லாதது. ஆளாளுக்குச் சேர்த்துக் கழித்து வந்ததுதானே, நீங்களும் செய்யலாம். ஒன்று மட்டும்: ஆரம்பத்தில் வைத்த விதியைக் கடைசியில் மாற்றக் கூடாது. மர்மக் கதையில் அது வாசகரின் காலை வாரிவிடுவது.

வெயில் விதி வேண்டுமென்றால் முதலில் மணிக்கணக்கைப் பார்த்துவிடுங்கள். சென்னையில் ஜூன் மாத இரவே சுமார் 11 மணி நேரம் இருக்கும், டிசம்பரில் பன்னிரண்டரை. லண்டன் காட்டேரிக்கு ஜூனில் ஏழரை மணி நேரம்கூடத் தேறாது. ஆக, நம்மூர் ஆளுக்கு வருஷம் பூரா ஒரே சீரான நைட் ஷிஃப்ட். ஓ.எம்.ஆர். பக்கம் அமெரிக்க நேரத்துக்கு வேலை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டால் போதும், யாரும் அடுத்த கேள்வி கேட்க மாட்டார்கள். வெளிறிய முகம், சிவந்த கண், பகலெல்லாம் தூக்கம், சாப்பாட்டில் பிடிப்பில்லாமை: அந்த ரோட்டில் பாதிப் பேர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

ரத்தம் குடிக்கிற உருப்படியை வைத்துத் தமிழில் சிரிக்கலாமா என்ற தயக்கம் உங்கள் கேள்வியில் தெரிகிறது. 12ஆம் நூற்றாண்டிலேயே ஜெயங்கொண்டார் சிரித்துவிட்டார். கலிங்கத்துப்பரணியில் போர் முடிந்த களத்தில் பேய்கள் கூழ் காய்ச்சும் பகுதியை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். சாப்பிடுவதற்கு முன் பல் விளக்க வேண்டுமே, அதற்கு யானைத் தந்தம். நாக்கு வழிக்க யானையின் விலா எலும்பு. அதன்பிறகு பந்தி. அதில் சமணப் பேய் ஒன்று. உயிர்க்கொலை செய்யாது, ஒரு பொழுதுதான் உண்ணும். அதனால் அதற்கு மயிர் கியிர் இல்லாமல் பார்த்து, நிணத்தைத் துணியாக்கி வடிகட்டி ஊற்றச் சொல்கிறார் கவிஞர். உலகில் காட்டேரிக் கதை எழுதுகிறவர்கள் இன்றைக்குத் தலையால் தண்ணீர் குடித்துச் செய்ய நினைப்பது இதைத்தான்: கொடூரமான உயிருக்கு ஒரு வீட்டு ஒழுங்கைக் கொடுப்பது.

மர்மத்துக்கும் நம்மிடமே முன்மாதிரி இருக்கிறது. திருவாலங்காட்டுக்குப் பக்கத்தில் பழையனூர் நீலி. ஒரு வணிகனைப் பழிவாங்கத் துரத்தி வரும் பேய். வணிகனிடம் அவனைக் காக்கிற மந்திரக் கத்தி. கத்தி கையில் இருக்கும்வரை அவளால் அவனைத் தொட முடியாது, இது விதி. நீலி கத்தியோடு மல்லுக்கு நிற்கவில்லை. கள்ளிக் கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, ‘என் புருஷன் என்னைக் கைவிட்டுவிட்டான், கத்தியால் கொல்லவும் பார்க்கிறான்’ என்று ஊர்ச் சபையில் அழுகிறாள். குழந்தை அவனிடம் அப்பா என்று ஓடுகிறது. எழுபது வேளாளர்கள் அவன் உயிருக்குத் தாங்கள் ஜாமீன் என்று சொல்லி, கத்தியை வாங்கி வைத்துவிட்டு அவளோடு அனுப்புகிறார்கள். விடிந்தால் பிணம். கொடுத்த வாக்குக்காக எழுபது பேரும் தீயில் இறங்கினார்கள். விதியை உடைக்காமல் விதியைச் சுற்றிக்கொண்டு போவது எப்படி என்று இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லித்தர முடியாது.

ஒரு எச்சரிக்கை. காட்டேரி பல குடும்பங்களுக்குக் கும்பிடுகிற தெய்வம், படையல் போடுகிற தெய்வம். உங்கள் நாயகனை ‘ரத்தக்காட்டேரி’ என்றோ வாம்பயர் என்றோ தனியாக அடையாளம் காட்டிவிடுங்கள். அந்தத் தெய்வத்தைக் கேலியில் இழுக்காதீர்கள். வேண்டுமானால் அவன் அந்தக் கோயில் வாசலைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கட்டும். ஒரு வரியில் மரியாதையும் வந்துவிடும், சிரிப்பும் வந்துவிடும்.

இனி காட்சி. முதல் அத்தியாயத்தை வீடு தேடுவதில் தொடங்கச் சொல்வேன். மயிலாப்பூரில் ஒரு மாடிப் போர்ஷன். நாயகன் பெயர் சவரிமுத்து என்று வைத்துக்கொள்வோம். இருட்டின பிறகுதான் வீடு பார்க்க வருகிறான்.

“சைவமா, அசைவமா?”

“அசைவம் சமைக்க மாட்டேன் மாமி.”

“சைவம் சமைப்பியோ?”

“எதுவுமே சமைக்கறதில்ல மாமி.”

“அப்போ வெளியிலதான் சாப்பாடா?”

“ஆமா மாமி. வெளியிலதான்.”

“முன்னாடியே சொல்லிடறேன், இந்த ஆத்துல வெங்காயம் பூண்டெல்லாம் சேக்கறதில்ல. வாசனை வந்தாலே நேக்குத் தலைவலி வந்துடும்.”

“எனக்கும்தான் மாமி.”

இரண்டு பேருமே உண்மையைத்தான் பேசுகிறார்கள். இந்த வகைக் கதைக்கு அதுதான் அளவுகோல்: அவன் பொய்யே சொல்லக் கூடாது. அவன் சொல்லும் உண்மையை எதிரில் இருப்பவர் தன் வசதிக்குப் புரிந்துகொள்ள வேண்டும். மாமிக்குப் பூண்டு தொடாத தங்கமான பிள்ளை கிடைத்துவிட்டான். அவனுக்குச் சென்னையிலேயே பத்திரமான வீடு கிடைத்துவிட்டது. அட்வான்ஸ் பத்து மாதமா என்று அவன் மிரள்வதையும் விட்டுவிடாதீர்கள், முந்நூறு வருஷம் வாழ்ந்தவனையும் மிரள வைக்கிற ஒரே தொகை அது.

அழைக்காமல் நுழைய முடியாது என்ற விதியை ஆரம்பத்தில் செலவழித்துவிடாதீர்கள். நம் வீடுகளில் வாசலில் யார் நின்றாலும் உள்ளே வரச் சொல்லிவிடுவோம், எனவே அது தடையாகவே தெரியாது. அதைச் சண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள். நாயகிக்குக் கோபம். கதவைத் திறக்கிறாள், ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே போய்விடுகிறாள். கதவு திறந்தே கிடக்கிறது. அவன் கால் நகராமல் வாசலில் நிற்கிறான். ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். டி.வி. சத்தம் கேட்கிறது. அப்போது தண்ணீர்க் குடத்தோடு மாடி ஏறி வருகிற அவளுடைய அத்தை, “ஏம்பா வெளியவே நிக்கற, உள்ள வாயேன்” என்கிறார். இந்த இடத்தில் வாசகருக்கு நெஞ்சு கொஞ்சம் லேசாகும் பாருங்கள், அதற்காகத்தான் இத்தனை விதியும்.

சாப்பாட்டு விஷயத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். ஆட்டு ரத்தப் பொரியல் விற்கிற ஊர் இது. தள்ளுவண்டிக்காரரிடம் “அண்ணே, பூண்டு போடாம ஒரு பிளேட்” என்று தினமும் வந்து கேட்கிறவன்மேல் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் அவன் அதை ‘ஒப்புக்குச் சாப்பாடு’ என்றுதான் சொல்லுவான். நிஜச் சாப்பாட்டுக்கு வேறு வழி வேண்டும், மர்மத்தை அங்கேதான் தொடங்க வேண்டும்.

யார் காட்டேரி என்பதை மர்மமாக்காதீர்கள். அட்டைப்படத்தைப் பார்த்ததுமே வாசகருக்குத் தெரிந்துவிடும்; நூறு பக்கம் மூடி மறைப்பது வீண். வேறு ஒரு குற்றம் நடக்க வேண்டும், பழி அவன்மேல் விழ வேண்டும். நான் சொல்லும் யோசனை: துப்பை நகைச்சுவைக்குள் புதைத்துவிடுங்கள். சிரித்துவிட்டால் வாசகர் அந்த வரியைச் சந்தேகப்பட மாட்டார். சிரித்த இடத்தைத் திரும்பப் பார்க்கிற பழக்கம் நமக்கு இல்லை.

நாயகி பவானி, கீழ்ப்பாக்கத்தில் ஒரு ரத்த வங்கியில் இரவு ஷிஃப்ட் லேப் டெக்னீஷியன் என்று வையுங்கள். ரத்த வங்கி எப்படி நடக்கிறது என்பதைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் கதை தானாக நகரும். ஒருவர் கொடுத்த ரத்தத்தைச் சிவப்பணு, பிளாஸ்மா, பிளேட்லெட் என்று பிரித்து வைப்பார்கள். சிவப்பணுப் பை 2 முதல் 6 டிகிரி குளிரில் இருக்கும். சேர்க்கிற மருந்துக் கரைசலைப் பொறுத்து 35 நாளோ 42 நாளோ தாங்கும். பிளேட்லெட்டை ஃப்ரிட்ஜில் வைக்கக் கூடாது. 20 முதல் 24 டிகிரியில், விடாமல் ஆட்டிக்கொண்டே இருக்கும் கருவியில் வைக்க வேண்டும். ஆயுசும் 5 நாள்தான். பார்க்கவும் சிவப்பாக இருக்காது, வெளிர் மஞ்சள். காலாவதியான பைகளைக் கிருமி நீக்கி அழித்துவிட வேண்டும். சவரிமுத்து அந்தப் பைகளுக்காகத்தான் பின்வாசலில் வந்து நிற்கிறான். நேற்றைய சாம்பாரைக் குறை சொல்லிக்கொண்டே சாப்பிடும் மாப்பிள்ளை மாதிரி அதையும் குறை சொல்லுவான்.

இரண்டாவது அத்தியாயத்தில் பவானி அவனிடம் ஒரு பிளேட்லெட் பையை நீட்டிப் பார்க்கட்டும். அவன் முகம் சுளித்து, “மோர்த் தண்ணி. இத யாராவது மனுஷன் குடிப்பானா?” என்று கேட்கட்டும். அவள் சிரிப்பாள், வாசகரும் சிரிப்பார். அப்புறம் மழைக்காலம், டெங்கு சீசன். பிளேட்லெட்டுக்காக நோயாளியின் சொந்தக்காரர்கள் ஊரெல்லாம் அலைகிற சமயம். ரத்த வங்கியில் பைகள் காணாமல் போகின்றன. பின்வாசலில் ராத்திரி ராத்திரி வந்து நிற்கிற வெளிறிய பையனைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். எல்லாக் கையும் அவனை நோக்கி நீளுகிறது. பவானிக்கே சந்தேகம் வருகிறது, காதலும் ஆட்டம் காண்கிறது. பிறகு ஒருநாள் ரெஜிஸ்டரைப் புரட்டும்போதுதான் அவளுக்கு உறைக்கிறது: போன பைகள் அத்தனையும் பிளேட்லெட். ஒரு சிவப்பணுப் பைகூடக் குறையவில்லை. காட்டேரி எதற்கு மோர்த் தண்ணியைத் திருட வேண்டும்?

குற்றத்தின் காரணமும் நம்மூர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. இந்தியாவில் ரத்தத்தை விலைக்கு விற்கக் கூடாது. பரிசோதித்துப் பிரித்து வைக்கிற செலவை மட்டும் கட்டணமாக வாங்கலாம். காசுக்கு ரத்தம் கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 1996இல் கொடுத்த தீர்ப்பு நிறுத்தியது, 1998 ஜனவரி 1 முதல் நடைமுறை. எனவே சீசன் நேரத்தில் கள்ள விலைக்கு விற்கிறவனுக்கு லாபம் அதிகம், பயமும் அதிகம், பழி போட ஒரு ஆளும் வேண்டும். திருடனாக யாரைக் காட்டுவது என்பது உங்கள் பாடு. ‘காட்டேரி வேலையா இருக்கும்’ என்று முதலில் ஜோக் அடிக்கிற ஆளையே திருடனாக்கினால் எனக்குப் பிடிக்கும். ரத்தத்தை விற்றுப் பிழைக்கிறவன் யார் என்று அங்கே யாரும் பிரசங்கம் செய்ய வேண்டியதில்லை, வாசகருக்கே புரியும்.

துப்புக் கண்டுபிடிக்க அவனுக்கும் ஒரு திறமை கொடுங்கள். ஸ்லாவியர்களின் பழங்கதைகளில் ஒரு வேடிக்கையான விதி உண்டு: வழியில் தினையையோ கசகசாவையோ இறைத்துவிட்டால் காட்டேரி உட்கார்ந்து அத்தனையையும் எண்ணி முடிக்காமல் நகராது. இதை மார்கழி மயிலாப்பூருக்குக் கொண்டுவந்து பாருங்கள். விடியற்காலை ஐந்து மணி. வேலை முடித்து வீட்டுக்கு நடக்கிறான். தெரு முழுக்கக் கோலம், வாசலுக்கு வாசல் பதினைந்து புள்ளி, இருபத்தோரு புள்ளி. ஒவ்வொரு வாசலிலும் நின்று எண்ணியாக வேண்டும். மார்கழியில் சூரியன் உதிக்க ஆறரை ஆகும் என்பதால் பிழைத்தான். இதே கோலம் மே மாதம் போட்டிருந்தால் ஐந்தே முக்காலுக்குள் கதை முடிந்திருக்கும். கோலம் போடுகிற பெண்களுக்கு அவன்மேல் ஏக மரியாதை, ‘எவ்ளோ ரசிச்சுப் பாக்கறான் பாரு’ என்று. ஒருநாள் போலீஸ்காரர் விசாரிக்கும்போது அவன் சொல்வான்: “செவ்வாக்கிழமை அந்த வீட்டு வாசல்ல பதினேழு புள்ளி சார். அஞ்சாவது வரிசையில ரெண்டு அழிஞ்சிருந்துது. ஷூ தடம்.” அந்த வீட்டுக்காரர் வெளியூரில் இருந்ததாகச் சொன்னவர். அத்தனை நாள் சிரிக்க வைத்த வியாதி சாட்சியாகிவிட்டது.

காதல் பக்கம் வருவோம். இதற்குச் சென்னை வரலாற்றிலேயே ஒரு பொக்கிஷம் கிடக்கிறது. கோஜா பெட்ரஸ் உஸ்கான் என்ற ஆர்மேனிய வணிகர். 1726இல் சைதாப்பேட்டையில் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலம் கட்டியவர், பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டியவர். 1751இல் காலமானார். உடலை வேப்பேரியில் அடக்கம் செய்தார்கள். இதயத்தை மட்டும் பெட்டியில் வைத்து, ஈரானில் அவருடைய சொந்த ஊரான ஜுல்ஃபாவுக்கு அனுப்பினார்கள். நல்ல மனிதர், அவரைக் காட்டேரி ஆக்க வேண்டாம். ஆனால் அவரிடம் கணக்கெழுதிய ஒரு கற்பனைப் பிள்ளை இருந்ததாக வைத்து, முதலாளியின் இதயத்தோடு அவனுடையதும் பெட்டியில் போய்விட்டதாக எழுத உங்களுக்கு உரிமை உண்டு. இப்போது மெரினாவில் ராத்திரி சுண்டல் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் பவானியிடம் சவரிமுத்து சொல்கிறான்: “என் இதயம் எங்கிட்ட இல்ல.” அவள், “இதே டயலாக்க காலேஜ்ல நாலு பேரு சொல்லிட்டான்” என்கிறாள். இருபது அத்தியாயம் கழித்து ஒரு வில்லன், காட்டேரியைக் கொல்ல இதயத்தில் கட்டை இறக்க வேண்டும் என்ற பழைய விதிப்படி, மரக்கட்டையைக் கூர்தீட்டி அவன் நெஞ்சில் இறக்குகிறான். ஒன்றும் ஆகவில்லை. அவள் அப்போதுதான் சுண்டலை நினைத்துக்கொள்கிறாள்.

வயதும் இப்படி வாய் தவறியே வெளியே வரட்டும். ராயப்பேட்டையில் ட்ராம் பிடிக்கலாம் என்பான். மதராஸ் ட்ராம் 1953இலேயே நின்றுபோனது. ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் மதராஸில் குண்டு போட்டதைப் பற்றிக் கேட்டால் எண்ணெய் டாங்க் எரிந்த வெளிச்சத்தை நேரில் பார்த்தவன் மாதிரி பேசுவான். பார்த்திருக்கவும் முடியும், 1914 செப்டம்பர் 22, சம்பவம் நடந்தது ராத்திரிதானே. பவானி வீட்டில் ஜாதகம் கேட்டு, அவனும் மறைக்காமல் பிறந்த தேதியைக் கொடுத்துவிட, ஜோசியர் கட்டத்தைப் பார்த்துவிட்டு, “ஐயா காலமாகி ரொம்ப வருஷம் ஆகியிருக்குமே, இப்ப யாருக்குப் பாக்கறீங்க?” என்று கேட்கிற காட்சியை மட்டும் தயவுசெய்து எழுதிவிடுங்கள். நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதிவிடுவேன்.

கடிப்பதைப் பற்றி ஒன்று. அவள் சம்மதிக்காமல் அவன் பல் அவள் கழுத்தில் படக் கூடாது. இது நாகரிகத்துக்காகச் சொல்வதல்ல, கதைக்கும் அதுதான் லாபம். கேட்க வேண்டும், கேட்கக் கூச்சம், கேட்கப்போகும்போது வாட்ச்மேன் வந்து வண்டியை நகர்த்தச் சொல்கிறார். பவானி தொழில் தெரிந்தவள் வேறு. கடைசியில் அவன் கேட்டேவிட்டால், ரத்த தானத்துக்குப் பெண்களுக்கு நான்கு மாத இடைவெளி வேண்டும், ஹீமோகுளோபின் 12.5க்குக் குறையக் கூடாது என்று ஃபாரம் நீட்டுவாள். அவன் பொறுமையாகப் பூர்த்தி செய்து கொடுப்பான்.

முடிவில் அவளையும் காட்டேரியாக்கிவிடலாமே என்று தோன்றும். ஆக்காதீர்கள். இருவருக்கும் மரணமில்லை என்றாகிவிட்டால் காதலில் பாக்கி ஒன்றும் இருக்காது. அவளுக்கு நரைக்கட்டும். இருபது வருஷம் கழித்து பக்கத்து வீட்டுக்குப் புதிதாக வந்த மாமியிடம் அவள் அவனைத் ‘தம்பி’ என்றும், இன்னும் இருபது வருஷம் கழித்து மாமியின் பெண்ணிடம் ‘அக்கா பையன்’ என்றும் சொல்ல வேண்டி வரும். கதை அங்கேயே நின்றுவிடலாம், இல்லையென்றால் அங்கிருந்து இரண்டாம் பாகம் தொடங்கலாம். அளவைக் கேட்டால், இந்த வகைக்கு இருநூறு பக்கம் தாராளம். அதற்குமேல் போனால் விதிகள் சலிக்க ஆரம்பித்துவிடும்.